தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள சைக்கிள் திடலில் பழைய பேருந்துகளை நிறுத்தாதிருக்க வேண்டி

அனுப்புநர்
பதினான்காம் வழித்தட நகரப் பேருந்தின் பெண் ஓட்டுநர்,
தண்ணீர்த் தொட்டித் தெரு.
(தெருவார் அனைவரின் சார்பாகவும்)

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறமுள்ள நகராட்சி மனையில் பொதுமக்கள் அமைத்துள்ள சைக்கிள் திடலை, கண்டமான (ஓட்டத் தகுதியற்றவை என்று கழிக்கப்பட்ட) பேருந்துகள் நிறுத்தும் இடமாக மாற்றும் உத்தரவை ரத்து செய்யவும், அத்திடலைப் பொது சைக்கிள் பூங்காவாக அறிவிக்கவும், மற்ற வார்டுகளிலும் இதுபோன்ற பூங்காக்களுக்கு இடம் ஒதுக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: திடலின் கம்பிக் கதவில் கட்டப்பட்டிருந்த தங்கள் அலுவலக உத்தரவு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஓட்டுவது தங்கள் நகராட்சியின் பேருந்துதான். ஆனாலும் இந்த மனுவைச் சீருடையைக் கழற்றி மாட்டிவிட்டு, ஒரு தெருக்காரியாகவும் ஒரு பெண்ணுக்குத் தாயாகவும் எழுதுகிறேன். மனு சற்று நீளம். பாதியில் மடித்து வைத்துவிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். நல்ல சேதியெல்லாம் பின்னால்தான் வருகிறது.

1. எங்கள் தெரு வழியாகத்தான் பதினான்காம் நம்பர் போகிறது. ஒரு பக்கம் கடைகள், மறுபக்கம் வீட்டு வாசல்கள், நடுவில் மிச்சமிருக்கும் இடத்தில் நான். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு இறங்குவதும் அதே இடத்தில்தான். ஓட்டுநர் இருக்கை உயரமானது. அங்கிருந்து பார்த்தால் பெரியவர்களின் தலை தெரியும், பிள்ளைகளின் தலை பாதி நேரம் தெரியாது. சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள், நின்றிருந்த சரக்கு வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. நான் மிதித்த மிதியில் பேருந்தே குனிந்து நிமிர்ந்தது. உள்ளே நின்றிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். "உனக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்?" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் சத்தம் போட்டார். முன் கண்ணாடிக்குக் கீழே, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு என்னையே நிமிர்ந்து பார்த்தபடி நின்றது என் மகள்.

2. அவள் மேல் ஒரு கீறல் இல்லை. நான்தான் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். நடத்துநர் இறங்கிப் போய் அவளை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து, விசில் ஊதாமல் என் தோளைத் தட்டி "கிளம்பும்மா" என்றார். வீடு திரும்பியதும் சைக்கிளைத் தூக்கிப் பரண் மேல் போட்டேன். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "ரோட்டுல ஓட்டாதன்னு சொல்றீங்க, மாடியில ஓட்டாதன்னு சொல்றீங்க, ஸ்கூல்ல கொண்டுவரவே கூடாதுங்கறாங்க. அப்ப சைக்கிள எதுக்கும்மா வாங்கிக் குடுத்தீங்க?" இந்தக் கேள்விக்குப் பதில் நகராட்சியிடம் இருக்கக்கூடும் என்று கருதி, தங்களின் மேலான கவனத்துக்கு அப்படியே அனுப்பியிருக்கிறேன்.

3. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள மனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாக்கடைக் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டியபோது, ஒப்பந்தக்காரர் அந்த மண்ணையெல்லாம் அங்கே வரிசையாகக் கொட்டிவிட்டு, நாளை வந்து அள்ளுகிறேன் என்று சொல்லிப் போனார். அந்த நாளை இன்னும் விடியவில்லை. மண்ணை அகற்றக் கோரி நாங்கள் தங்கள் அலுவலகத்துக்கு மனு மேல் மனு போட்டோம். ஒவ்வொன்றுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று மரியாதையாகப் பதில் வந்தது. அம்மனுக்களின் மீது எந்த நடவடிக்கையும் எடுக்காமல் இருந்தமைக்காக எங்கள் தெருவார் அனைவரின் மனமார்ந்த நன்றியை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். அந்த மண் மேடுகள் இல்லாவிட்டால் இன்று எங்களுக்குத் திடலே இல்லை.

4. ஒரு நாள் மாலை வேலை முடிந்து அந்தப் பக்கமாக வந்தேன். தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அந்த மேடுகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மேட்டில் இறங்கும் வேகத்திலேயே அடுத்த மேட்டில் ஏறிவிடுகிறார்கள், பெடலை மிதிக்கவே இல்லை. என் மகள் இன்னொருத்தியின் சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் திருட்டு முழி முழித்தாள். திட்ட வேண்டும் என்றுதான் கிட்டே போனேன். ஆனால் அங்கே பேருந்து இல்லை, சரக்கு வண்டி இல்லை, ஹார்ன் சத்தம் இல்லை. விழுந்தாலும் மண்ணில்தான் விழுவாள். நேரே வீட்டுக்குப் போய்ப் பரண் மேலிருந்து சைக்கிளை இறக்கினேன்.

5. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருவே மண்வெட்டியோடு இறங்கியது. கண்ணாடிச் சில்லுகளையும் முட்செடிகளையும் அகற்றி, மேடுகளை மழுங்கச் செதுக்கி, தண்ணீர் தெளித்து அடித்து இறுக்கினோம். மேடுகளைச் சுற்றிவர ஒரு பாதை போட்டுத் தரும் பொறுப்பை, வண்டி ஓட்டத் தெரிந்தவள் என்று என்னிடம் விட்டார்கள். நானும் கண்ணளவாகவே காலால் கோடு இழுத்து, நான்கு முனையிலும் வளைவு போட்டுக் கொடுத்தேன். எல்லோரும் மாங்கு மாங்கென்று வெட்டி முடித்த பிறகு நடத்துநர் வந்து பார்த்தார். இடுப்பில் கையை வைத்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல பிள்ளைங்க சைக்கிள் ஓட்டப் போகுதா, இல்ல நம்ம வண்டியத் திருப்பப் போறியா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. பழக்கதோஷத்தில் நான்கு வளைவையும் பேருந்து திரும்பும் அகலத்துக்குப் போட்டிருந்தேன். தெருவே சிரித்தது. இன்றும் சிரிக்கிறது. 'பஸ்காரம்மா வளைவு' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

6. சிரித்தவர்கள் வாயடைத்துப் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருமுனையில் செல்போன் பழுது பார்க்கும் தங்கை ஒருத்தி இருக்கிறாள். நடக்க இயலாதவள். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில்தான் வருவாள், போவாள். தெருவில் அந்த வண்டியைத் திருப்ப வேண்டுமானால் யாராவது பின்னால் தூக்கி வைக்க வேண்டும். அதனால் அவள் எங்கேயும் சும்மா போய்ப் பழகியதில்லை. வேலைக்கு வருவாள், வீட்டுக்குப் போவாள், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் வேடிக்கை பார்க்க வந்தவள், பாதையின் அகலத்தைப் பார்த்தாள், வண்டியை உள்ளே விட்டாள். முதல் வளைவு திரும்பியது. இரண்டாவதும் திரும்பியது. யாரும் கை வைக்கவில்லை. நான்கும் திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்று, "இன்னொரு ரவுண்டு போயிட்டு வரேங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். இருட்டும்வரை அவள் வெளியே வரவே இல்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அந்தச் சந்தோஷத்தை அரசாங்கத் தமிழில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, மன்னிக்கவும்.

7. அனுமதியின்றி மண் வேலை நடப்பதாக யாரோ சொல்ல, தங்கள் உதவிப் பொறியாளர் நேரில் ஆய்வுக்கு வந்தார். "விழுந்து கைய கால ஒடச்சிக்கிட்டா யாரும்மா பொறுப்பு?" என்று கேட்டார். "இத்தன நாளா ரோட்டுல விழுந்தாங்களே, அதுக்கு யார் சார் பொறுப்பு?" என்று நான் கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல மனிதர். பாதையைச் சுற்றி நடந்து பார்த்து, மழை பெய்தால் மூன்றாவது மேட்டுக்குக் கீழே தண்ணீர் தேங்கும் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அவர் காட்டிய இடத்தில் வாய்க்கால் வெட்டினோம், அதற்கடுத்த பெருமழையில் திடல் சொட்டுத் தண்ணீர் நில்லாமல் வடிந்தது. அன்று ஆய்வு முடிந்து போகும்போது யார் சைக்கிளையோ கேட்டு வாங்கி, கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, மேடுகளில் ஏறி இறங்கினார். கடைசி மேட்டில் ஹேண்டில் பாரை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். பிள்ளைகள் போட்ட கூச்சல் தங்கள் அலுவலகம்வரை கேட்டிருக்கும். திடலை அப்படியே விட்டுவைக்கலாம் என்று அவர் பரிந்துரை எழுதியிருப்பதாக அறிகிறோம்.

8. இந்நிலையில்தான், ஆறு கண்டமான பேருந்துகளை அங்கே கொண்டுவந்து நிறுத்தும் உத்தரவு கதவில் தொங்கியது. ஓடாத வண்டிகளுக்கு இடம் வேண்டும், ஓடுகிற பிள்ளைகளுக்கு வேண்டாமா என்று தெருவே கொதித்தது. யாரும் கல் எடுக்கவில்லை, மறியல் செய்யவில்லை. அதற்குத் தேவையே வரவில்லை. பணிமனை மேலாளர் ஓட்டுநர்களை அழைத்து, அந்த ஒரு நடைக்கு மட்டும் எப்படியாவது அந்தப் பேருந்துகளை ஓட்டிப் போய் நிறுத்தச் சொன்னார். முதல் ஓட்டுநர் இடுப்பு வலி என்றார். அடுத்தவர் அந்த மனையில் பேருந்து திரும்பவே திரும்பாது என்று அடித்துச் சொன்னார். அது எத்தனை அழகாகத் திரும்பும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும், வளைவு வெட்ட வந்தவர்களில் அவரும் ஒருவர். "நான் கண்டக்டர் சார், எனக்கு விசில் மட்டுந்தான் தெரியும்" என்று, யாரும் கேட்காமலே முன்வந்து சொன்னார் எங்கள் நடத்துநர்.

கடைசியில் மேலாளர் என்னைப் பார்த்தார். இத்தனை வருட வேலையில் கொடுத்த வண்டியை எடுக்கமாட்டேன் என்று நான் சொன்னதில்லை. "ஓட்டுறேன் சார். ஆனா உள்ள பிள்ளைங்க இருந்தா ஒதுங்கற வரைக்கும் வாசல்லயே நிப்பேன். அதுங்க எப்ப ஒதுங்கும்னு என்னால சொல்ல முடியாது" என்றேன். மேலாளர் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஞாயிறுதோறும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் திடலில்தான். ஆறு பேருந்துகளும் இன்றுவரை பணிமனை மதிலோரம் நிம்மதியாக நிற்கின்றன. அவற்றுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை.

9. ஆகவே ஐயா, நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பேருந்துகளை நிறுத்தும் உத்தரவை ரத்து செய்து, 'பொது சைக்கிள் பூங்கா' என்று ஒரு பலகை வைத்துத் தாருங்கள். ஒரு குடிநீர்க் குழாயும், மாலையில் இரண்டு விளக்கும் போதும். பராமரிப்பைத் தெருவார் பார்த்துக்கொள்கிறோம். முக்கியமாக, ஒவ்வொரு வார்டிலும் சும்மா கிடக்கும் நகராட்சி மனைகளில் ஒன்றையாவது இதுபோல் ஒதுக்குங்கள். நான் ஓட்டும் தடத்திலேயே இன்னும் எத்தனையோ தெருக்கள் இருக்கின்றன. அத்தனையிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அத்தனையிலும் பேருந்து போகிறது. எங்கள் பிள்ளைகள் இப்போது சாலையில் சைக்கிள் ஓட்டுவதில்லை. இந்தத் தெருவில் நான் காலை பிரேக் மீதே வைத்துக்கொண்டு ஓட்டிய காலம் போய்விட்டது. மற்ற தெருக்களிலும் அப்படி ஓட்ட ஆசைப்படுகிறேன்.

திறப்பு விழாவுக்குத் தாங்களே வர வேண்டும் என்பது தெருவாரின் விருப்பம். மேடையோ நாற்காலியோ போடமாட்டோம், ஆனால் தங்கள் உயரத்துக்குத் தோதான சைக்கிள் ஒன்று தயாராக இருக்கும்.

மறைக்காமல் சொல்ல வேண்டிய சேதி ஒன்று உண்டு. ரயில் பாதைக்கு அந்தப் பக்கத் தெருவிலிருந்து நான்கைந்து பெண்கள் இன்று காலை திடலைப் பார்க்க வந்திருந்தார்கள். நூலகத்துக்குப் பின்னால் அவர்கள் பக்கத்திலும் ஒரு மனை சும்மா கிடக்கிறது என்றார்கள். இந்த மனுவோடு அவர்களுக்கும் சேர்த்து ஒரு மனு எழுதித் தருகிறேன், கொஞ்சம் உட்காருங்கள் என்றேன். "மனுவ அப்புறமா எழுதிக்கலாம்க்கா, முதல்ல மண்வெட்டியக் குடுங்க" என்றார்கள்.

கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நாள்: ஞாயிற்றுக்கிழமை
இடம்: சைக்கிள் திடல், தண்ணீர்த் தொட்டி பின்புறம்

இப்படிக்கு,
தங்கள் பேருந்தை ஒழுங்காக ஓட்டிவரும்,

(ஒப்பம்)
பதினான்காம் நம்பர் பஸ்காரம்மா

உடன் ஒப்பமிட்டோர்: நடத்துநர், செல்போன் கடைத் தங்கை, பணிமனை ஓட்டுநர்கள் (இடுப்பு வலிக்காரர் உட்பட), தண்ணீர்த் தொட்டித் தெருவார், மற்றும் அவர்களுடைய பிள்ளைகள் அனைவரும்.