சரசு கேட்ட பார்சல்

செப். 8, திங்கள்

காலையிலிருந்து பேய்க்காற்று. கடை வாசலில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் தெருவில் ஓட, கடையில் வேலை பார்க்கிற செல்வி பின்னாலேயே ஓட. பக்கத்து டீக்கடையில் எல்லோருக்கும் வேடிக்கை.

ஏலக்காய் மண்டிக்குச் சாக்கு, உள்பையோடு அனுப்பியாச்சு. கம்பத்துக்குத் திராட்சைப் பெட்டி நாளைக்கு. சணல் தீர்ந்துவிட்டது, சொல்ல வேண்டும்.

நேற்று சாயங்காலம் சரசு போன். கனடாவில் அப்போது காலை. மகள் கவிதாவின் பேறுகாலம் பார்க்க மே மாதம் போனவள், இதுவரை தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. நேற்று கேட்டாள்.

"என்னங்க, ஒரு சின்னப் பார்சல் போட்டு விடுறீகளா? இங்கன குளிர ஆரம்பிச்சிருச்சு."

கேட்டவை:
- பச்சை ஸ்வெட்டர் (கொடைக்கானலில் வாங்கியது)
- கம்பளிச் சால்வை
- மூட்டு வலித் தைலம்
- இன்னொரு மூக்குக்கண்ணாடி
- பழைய நூல் சேலை இரண்டு, பேரனுக்குத் தூளி கட்ட

அக்டோபர் 12-க்கு டிக்கெட். தீபாவளிக்கு இங்கே இருக்க வேண்டியவள். பார்சல் போய்ச் சேரவே செப்டம்பர் முடிந்துவிடும். பத்து நாள் போட்டுக்கொள்ளவா ஸ்வெட்டரும் சால்வையும்?

போன வாரம் கவிதா கேட்டாள். "அம்மா தை வரைக்கும் இருக்கட்டுமாப்பா? நீங்க என்ன சொல்றீக?" மாப்பிள்ளைக்கு ராத்திரி ஷிப்ட், பிள்ளை சதா அழுகை, அவள் பாடு கஷ்டம்தான். "அம்மாகிட்டயே கேட்டுக்கத்தா, அவ இஷ்டம்" என்றேன். பெரிய மனுஷன் மாதிரி.

ஆக, இஷ்டம் தெரிந்துவிட்டது.

செப். 9, செவ்வாய்

காற்று குறையவில்லை. மெஸ்ஸில் இட்லி கல். சட்னி தண்ணி.

பீரோவைத் திறந்தேன். நான் கட்டிய வீடு, நான் வாங்கிய பீரோ, எந்தத் தட்டில் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. ஸ்வெட்டர் தேடினால் என் கல்யாண வேட்டி கிடைக்கிறது. கண்ணாடி தேடினால் கவிதாவின் பள்ளிக்கூடப் பெல்ட். எதையும் தூக்கிப் போடாதவள்.

நூல் சேலை இரண்டு எடுக்க வேண்டும். எதை எடுப்பது? ஊதாவை எடுத்தேன். மழையில் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது கட்டியிருந்தது. நனைந்தபடி நின்றுகொண்டு, குடை கொண்டுபோகாததற்கு என்னைத்தான் திட்டினாள். அதை உள்ளே வைத்துவிட்டேன். மாம்பழ நிறத்தை எடுத்தேன். அதையும் வைத்துவிட்டேன். எந்தச் சேலையும் பழைய சேலையாகத் தெரியவில்லை.

பீரோவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டே ரூம் வீடு. இவ்வளவு பெரிசாக எப்போது ஆனது?

ஈரத் துண்டை மெத்தையில் போட்டேன். திட்ட ஆளில்லை. கொஞ்ச நேரம் கழித்து நானே எடுத்துக் கொடியில் போட்டேன்.

செப். 11, வியாழன்

செல்வி கேட்டாள். "எண்ணே, மதினிக்குப் பார்சல் போட்டாச்சா?"

"சரியான பெட்டி அமையல."

அவள் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். தரையிலிருந்து கூரை வரை பெட்டி. போடி பஜாரில் யாருக்குப் பெட்டி வேண்டுமென்றாலும் இங்கேதான் வருகிறார்கள். "அது சரி" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் சாக்கு எண்ணப் போய்விட்டாள். சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன்.

சின்னப் பெட்டி, சால்வை அடங்காது. பெரிய பெட்டி, வெளிநாட்டுக்கு எடையைவிட அளவுக்குத்தான் காசு. மூன்று அடுக்கு அட்டை, விமானத்தில் தூக்கி எறிந்தால் நசுங்கும். ஐந்து அடுக்கு, பெட்டியே கனம். எல்லாம் உண்மைதான். மற்றவர்களுக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்திருப்பேன்.

உள்ளதை எழுதிவிடுகிறேன். அனுப்பாவிட்டால் வந்துவிடுவாள் என்று ஒரு நினைப்பு. குளிர் தாங்காமலாவது வந்துவிடுவாள். இப்படி நினைக்கிற புருஷன்.

செப். 14, ஞாயிறு

கடை லீவு. தூறல். போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியவில்லை.

சரசு போன். "அனுப்பிட்டீகளா?"

"இன்னைக்கு அஷ்டமி."

"நீங்களா? அஷ்டமியா?" சிரித்துவிட்டாள். கரிநாளிலும் கடை திறந்து வியாபாரம் செய்தவன் நான். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. நானும் சிரித்தேன். பின்னால் பிள்ளை அழுகிற சத்தம்.

"சரி, மெதுவா அனுப்புங்க. ஒண்ணும் அவசரமில்ல."

"சாப்பிட்டியா?"

"இப்பத்தான விடிஞ்சிருக்கு. நீங்க என்ன சாப்பிட்டீக?"

மெஸ் என்றேன். அவளுக்கு மெஸ் பிடிக்காது. ரசத்தில் சோடா போடுவார்களாம். வீட்டிலேயே ஒரு குக்கர் வைத்தால் என்ன கேடு என்றாள். தினம் இப்படித்தான் பேச்சு முடிகிறது, சோற்றில். கேட்க வேண்டியதைக் கேட்பதற்குள் சோறு வந்துவிடுகிறது.

செப். 15, திங்கள்

நவமி.

வியாபாரம் சுமார்.

செப். 18, வியாழன்

இன்றைக்குப் பிடிவாதமாகப் பார்சல் கட்டினேன். ஊதாவும் மாம்பழ நிறமும் அடியில். வேறு வழியில்லை, அவைதான் மெத்தென்று இருக்கின்றன. பிள்ளையை உறுத்தாது. மேலே சால்வை, ஸ்வெட்டர். நடுவில் தைலம், நெளி அட்டை சுற்றி. கண்ணாடி அதன் கூட்டோடு. மூலைக்கு மூலை காகிதம் திணித்து, குலுக்கிப் பார்த்து, சத்தமில்லாமல் ஆன பிறகு டேப். குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு. செல்வி வந்து பார்த்தாள். "கல்யாணப் பொண்ணு மாதிரில்ல இருக்கு."

தேனி பஸ். மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டுக்காரர் என்ன உள்ளே என்றார். துணி என்றேன்.

கூரியர் ஆபீஸில் கவுண்டர்காரர் ஒரு கத்தியை எடுத்து, என்னைக் கேட்காமல், சர்ரென்று டேப்பைக் கிழித்தார். எனக்கு வந்ததே கோபம்.

"வெளிநாட்டுப் பார்சல்னா நாங்க பிரிச்சுப் பாக்கணும்ங்கய்யா. இந்தத் தைலம் போகாது. தண்ணியா எதுவும் ஏத்த மாட்டாங்க. அத எடுத்துருங்க, மத்ததப் போட்டுரலாம்."

எடுத்துவிட்டு அனுப்பியிருக்கலாம். அவரே டேப்பும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இல்ல தம்பி. வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பள்ளிக்கூடம் லீவு விட்ட மாதிரி இருந்தது. பஸ் ஸ்டாண்டில் பரோட்டா சாப்பிட்டேன். சால்னா நன்றாக இருந்தது. திரும்பி வரும்போதும் மடியில் பெட்டி.

வீட்டில் கேட்கவில்லை.

செப். 21, ஞாயிறு

அமாவாசை. தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்து, குக்கரில் சோறு, வாழைக்காய். நானே செய்தது. உப்பு அதிகம்.

கவிதா வீடியோவில் வந்தாள். பேரன் குப்புற விழுகிறானாம், காட்டினாள். விழுந்தான். தலையை நிமிர்த்திப் போனை முறைத்தான். என் அப்பா ஜாடை. அப்புறம் போனைத் திருப்பினாள்.

சரசு ஜன்னல் ஓரத்தில். மாப்பிள்ளையின் கோட்டைப் போட்டிருந்தாள், சேலைக்கு மேல். கை அவ்வளவு நீளம். விரலே வெளியே தெரியவில்லை. ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துச் சுருட்டி விட்டுக்கொண்டே பேசினாள். இரண்டு தடவை இருமினாள்.

"என்ன இருமல்?"

"ஒண்ணுமில்ல. ஹீட்டர் காத்து தொண்டைக்கு ஒத்துக்கல."

"டாக்டர்ட்ட போனியா?"

"இதுக்குப் போயி யாராச்சும் டாக்டர்ட்ட போவாகளா."

பார்சலைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பேன். பெட்டி என் கட்டிலுக்குக் கீழேயே இருக்கிறது, அவளுடைய ஸ்வெட்டரோடு. அவள் அங்கே அடுத்தவர் கோட்டில் நடுங்கிக்கொண்டு.

எனக்கு அவள் வேண்டும் என்பதற்காக அவளைக் குளிரில் நிறுத்தி வைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

செப். 22, திங்கள்

காலை ஏழரைக்கே கிளம்பினேன். கடைச் சாவியை வாங்க வந்த செல்வி பெட்டியைப் பார்த்துவிட்டு, "ராகுகாலம்ணே, ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

"இருக்கட்டும்."

தைலத்தை எடுத்துவிட்டேன். தேனியில் இறங்கி இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை, காது மூடுகிற குல்லா ஒன்று வாங்கி வைத்தேன். கேட்காதது. இருக்கட்டும், அவள் அங்கேயே இருப்பதென்று ஆன பிறகு நன்றாக இருக்கட்டும்.

கவுண்டர்காரர் இன்றைக்குப் பிரித்து, பார்த்து, அவரே ஒட்டினார். கோணல் மாணலாக. நான் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை எடுத்து உள்ளே எறிந்தார். அதற்கும் சொல்லவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் மடி காலி. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நம்பரைக் கவிதாவுக்கு அனுப்பியாச்சு.

செப். 26, வெள்ளி

பார்சல் சென்னை போய், டெல்லி போய்விட்டதாம். போனிலேயே தெரிகிறது. செல்விதான் பார்க்கச் சொல்லிக்கொடுத்தாள். நாலு தரம் பார்த்தேன், டெல்லியிலேயே இருக்கிறது.

அந்தப் பெட்டி மேல் பொறாமை. "நீங்களும் வாங்கப்பா" என்று கவிதா எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாள். கடையை யார் பார்ப்பது என்று சொல்லியே பாஸ்போர்ட்கூட எடுக்கவில்லை. இப்போது அட்டைப்பெட்டி போகிறது.

சாயங்காலம் மழை. சாக்கு நனையாமல் உள்ளே எடுத்துப் போட்டோம்.

அக். 1, புதன்

ஆயுத பூஜை. கடை கழுவி விட்டாச்சு. தராசு, கட்டர், டேப் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். வருஷா வருஷம் சரசு வந்து வைப்பாள். வைத்துவிட்டு என் நெற்றியிலும் ஒன்று வைத்து, "இந்த மெஷினுக்கும்" என்பாள். இந்தத் தடவை செல்வி வைத்தாள். பொரி, கடலை, சுண்டல். ஏலக்காய் மண்டிக்காரர்கள் வந்து போனார்கள். எல்லோரும் ஒரே கேள்வி: "வீட்ல எப்ப வாராக?"

தை என்றேன். அவள் அப்படிச் சொல்லவில்லை, நானாகவே சொன்னேன்.

ஒரு வாரத்துக்கு மேலாக அவளிடமிருந்து போன் இல்லை. நான் கூப்பிட்டால் எடுக்கிறாள். ரெண்டு வார்த்தை. பிள்ளை அழுகிறான், அப்புறம் பேசுறேன். பார்சல் கிளம்பிய பிறகுதான் இப்படி. சோற்றைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

அக். 4, சனி

வெயில். சரக்கு வந்து இறங்கியது. கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கவிதா மெசேஜ்: வந்துவிட்டது.

சாயங்காலம் கடையிலிருந்தே கூப்பிட்டேன். வீடியோ வேண்டாம், சும்மா பேசலாம் என்றாள் சரசு.

"எல்லாம் சரியா வந்துச்சா?"

"வந்துச்சு."

"கண்ணாடி ஒடையலயே?"

"இல்ல. குல்லா, காலுறையெல்லாம் வேற வச்சிருக்கீக."

"கேக்காட்டியும் வச்சேன். தை வரைக்கும் இருக்கணும்ல."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். இருந்தது.

"என்னத்தா?"

"ஒண்ணுமில்ல. என் இஷ்டம்னு கவிகிட்டச் சொல்லிட்டீக. சரி, ஸ்வெட்டர் கேட்டாலாவது, எதுக்கு ஸ்வெட்டரு, பேசாமக் கெளம்பி வான்னு சொல்வீகன்னு பாத்தேன். அஷ்டமின்னு சொன்னப்ப, சொல்லப் போறாகன்னே நெனச்சேன். அவசரமில்லன்னு அதுக்குத்தான் சொன்னேன்."

கணக்கு நோட்டை மூடி வைத்தேன்.

"அப்புறம் நீங்க பாட்டுக்கு அனுப்பிட்டீக. பார்சல் கெளம்பிருச்சுன்னு கவி சொன்ன அன்னிக்கே டிக்கெட்ட மாத்தச் சொல்லிட்டேன். நான் இல்லாம அங்கன நீங்க நல்லாத்தான் இருக்கீக போல."

கட்டிலுக்குக் கீழே பெட்டி கிடந்ததைச் சொல்லியிருக்கலாம். தேனியிலிருந்து திருப்பி எடுத்துக்கொண்டு வந்ததை, பரோட்டா தின்றதைச் சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் இல்ல சரசு" என்று மட்டும் வந்தது. அதற்குள் பிள்ளை வீறிட்டான். "இந்தா வந்துட்டேன்டா" என்று அவனிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கட்டான போனைக் காதில் வைத்துக்கொண்டு, "வந்துரு" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

செல்வி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னையாண்ணே?"

"ஆமா. வந்து அந்தச் சாக்க எண்ணு" என்றேன்.