மாறாத நான்கு சதுரங்கள்

ஜூலை 2

குடிலைத் திறந்தாயிற்று. இந்த முறை எலி சோப்பைத் தின்றிருக்கிறது. போன வருடத்தைவிட ஒன்பது நாள் முன்னதாகவே பனி உருகிவிட்டதால் வழியெல்லாம் சேறு. மூன்று ஜோடிக் காலுறையும் ஈரம். வழக்கம்போல் பின்புறப் புதர்மேல் காயப்போட்டேன்.

ஜூலை 5

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று புது இயக்குநருக்கு ‘எளிமையாக’ எழுதித் தர வேண்டுமாம். எழுதினேன்:

மலை உச்சிக்குக் கீழே பன்னிரண்டு சதுரங்கள், ஒவ்வொன்றும் ஒரு மீட்டர், மூலைகளில் அடையாள ஆணி. ஆறின்மேல் கூரையில்லாத பிளாஸ்டிக் பெட்டி. பெட்டிக்குள் இரண்டு டிகிரி கூடுதல் சூடு. மற்ற ஆறும் வெறும் சதுரங்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. ஒவ்வொரு கோடையிலும் எல்லாச் செடிகளையும் எண்ணுகிறோம். உலகம் சூடானால் இந்த உயரத்துச் செடிகள் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள. இருபத்தொரு வருடங்களாக.

இதைவிட எளிமையாக வேண்டுமென்றால் பொம்மைதான் போட வேண்டும்.

ஜூலை 9

 

வந்தார். புது இயக்குநர், புதுக் காலணி. பாதி தூரம் ஏறி, ஒரு பாறைமேல் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்தார். பெட்டிக்குள் குட்டை வில்லோ புதர் மண்டிக் கிடப்பது அவருக்குப் பிரச்சினை இல்லை. அது எதிர்பார்த்ததுதானாம். வெறும் சதுரங்கள்தான் பிரச்சினை. பாதையோரம் இருக்கும் நான்கில் ஒரு மாற்றமும் இல்லை, முதல் வருடப் படத்தில் இருப்பதுபோலவே இருக்கின்றன. பாறைச் சரிவுக்கு மேலே உள்ள இரண்டில் மட்டும் முழங்கால் உயரத்துக்கு வில்லோ.

“நாலு ஒரே மாதிரி சொல்லுது, ரெண்டு வேற மாதிரி சொல்லுது. எதை நம்பறது? மேல அடையாள ஆணியை மாத்தி அடிச்சிட்டீங்களோன்னு தோணுது மேடம். வயசாகும்போது சகஜம்தான்.”

சகஜமா! அந்த ஆணி ஒவ்வொன்றும் எனக்கு என் கைவிரல் மாதிரி. இருபத்தொரு கோடையாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணியிருக்கிறேன்.

மேலே உள்ள இரண்டையும் நீக்கிவிட்டு, ‘பெட்டிக்கு வெளியே மாற்றம் இல்லை’ என்று அறிக்கை போகப் போகிறது. “மாற்றமே இல்லன்னா இனிமே எண்ணவும் வேணாமே?” என்று சிரித்தார். இந்தக் கோடையோடு குடிலை மூடிவிடுவார்களாம்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருக்க வேண்டும். “சரி சார்” என்றேன். என்ன சரி? மண்ணாங்கட்டி சரி.

ஜூலை 10

கேட்க வேண்டிய நாலும் இன்று பாத்திரம் கழுவும்போது வரிசையாக வருகிறது.

ஜூலை 11

பழைய படங்களை எல்லாம் பரப்பிப் பார்த்தேன். ஆணி சரி. எண்கள் சரி. அப்படியென்றால் அந்த நான்கு சதுரம்? சுற்றிலும் எல்லாப் பக்கமும் புதர். அந்த நான்குக்குள் மட்டும் ஒரு முளைகூட இல்லை. தரையோடு ஒட்டிய மெத்தைச்செடியும் பாசியும் கோரையும் அப்படியே இருக்கின்றன, தலைவாரிப் பவுடர் போட்ட பிள்ளைகள் மாதிரி. இது எப்படி என் கண்ணில் படவில்லை?

வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டேன். “அந்த ஆள் எதுக்கு உன்கிட்ட மோதுறாரு? உன் கோபம் தெரியாதா அவருக்கு? இருபத்தேழு வருஷமா நானே பம்மிட்டு இருக்கேன்” என்றார். சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் வந்தது.

ஜூலை 14

தச்சர் வந்தார், விரிசல் விட்ட பெட்டியை ஒட்ட. முதல் வருடத்திலிருந்து பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவர்தான். பனி உருகியதும் எனக்கு முன்பே தனியாக வந்து எல்லாவற்றையும் சரிபார்த்து வைப்பார். டீ போட்டுக் கொடுத்து என் வயிற்றெரிச்சலைக் கொட்டினேன்.

“மேல ரெண்டுல மட்டும் ஏன் புதர்னு உயிரை எடுக்கறாருண்ணே.”

டம்ளரைக் கீழே வைத்தார். “அது என் தப்புதான் மேடம். முட்டி வலி. அந்தச் சரிவுல ஏற முடியல. இல்லன்னா அந்த ரெண்டையும் சுத்தமா வச்சிருப்பேன்.”

“சுத்தமான்னா?”

“இந்த நாலுலயும் முளைக்கறதை வருஷா வருஷம் பிடுங்கிடறேன்ல, அந்த மாதிரி.”

 யார் சொன்னது என்று கத்தினேன்.

“நீங்கதானே? மொத வருஷம். பெட்டிக்குள்ளதான் மாறும், வெளிய ஒரு இலைகூட மாறக்கூடாது, அதுக்குத்தான் வச்சிருக்கோம்னு சொன்னீங்க. படம்கூடக் குடுத்தீங்களே.”

கருவிப்பெட்டி மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் ஒட்டியிருக்கிறது, நான்கு சதுரங்களின் படம், பிளாஸ்டிக் உறை போட்டு.

என்ன திட்டினேன் என்று எழுத மனம் வரவில்லை. டீயைக் குடிக்காமலே இறங்கிப் போய்விட்டார்.

ஜூலை 15

யாரும் மிதிக்கக் கூடாது, தொடக் கூடாது என்றுதான் சொல்ல வந்தேன். சொன்னது வேறு. ‘மாறக்கூடாது’ என்று ஒரு மனுஷனிடம் சொன்னால் அவர் மாறாமல் பார்த்துக்கொள்ள மாட்டாரா? நேர்மையான மனுஷன். நேர்மையாகவே என் இருபத்தொரு வருடத்தையும் பிடுங்கிப் போட்டுவிட்டார். எவ்வளவு படிச்சு என்ன? ஒரு வாக்கியம் ஒழுங்கா பேசத் தெரியல எனக்கு.

ஜூலை 16

வெளியே சொல்லாமல் இருந்துவிடலாம். இயக்குநருக்கு அந்த நான்கும் பிடித்திருக்கிறது. ‘மாற்றம் இல்லை’ என்று நிம்மதியாகப் போகட்டும். தச்சருக்கு வேலை இருக்கும், எனக்கும் மரியாதையாக ஒரு வழியனுப்பு விழா நடக்கும்.

மாற்றம் இல்லையாம். இந்த மலையில்!

மதியம் கடிதம் அனுப்பிவிட்டேன். நான்கு சதுரங்களும் என் தவறான அறிவுறுத்தலால் கெட்டுப்போயின, அவற்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று.

ஜூலை 17

பதில் வந்துவிட்டது. ஒரே வரி. ‘அப்படியானால் வெறும் சதுரங்கள் ஆறையும் நீக்கிவிடலாம்.’

பாவி.

ஜூலை 19

காலையில் கீழே இறங்கி, தச்சர் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். இந்த வாயால் மன்னிப்புக் கேட்பது எனக்கு எவ்வளவு பழக்கமென்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள். அவர் மனைவி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். கிளம்பும்போதுதான் கேட்கத் தோன்றியது, பிடுங்கியதையெல்லாம் எங்கே போட்டீர்கள் என்று.

“போடலயே. உயிருள்ளதைத் தூக்கிப் போட மனசு வருமா? குடிலுக்குப் பின்னாடி நட்டு வச்சிருக்கேன். நீங்க துணி காயப்போடுவீங்களே.”

அதற்குப் பிறகு நான் எப்படி மலை ஏறினேன் என்று நினைவில்லை. முட்டி வலியோடு அவரும் பின்னாலேயே வந்தார். முப்பத்தொரு வில்லோ. பாத்திரம் கழுவிய தண்ணீரில் தானாக வளர்ந்தவை என்று நினைத்திருந்தேன். நேர்க்கோட்டில் எந்தப் புதராவது தானாக வளருமா? நான் தாவரவியல் படித்தவள்! வருடக்கணக்காக என் சாட்சியின்மேலேயே காலுறை காயப்போட்டிருக்கிறேன்.

இடமிருந்து வலமாக, வருட வரிசைப்படி நட்டிருக்கிறார். “எப்பத்துலேருந்து அண்ணே?” என்று கேட்டேன். “மொத பத்து வருஷம் பிடுங்க ஒண்ணுமே வரலியே மேடம்” என்றார்.

அதைச் சொல்லத்தான் நான் இருபத்தொரு வருடமாக மூச்சுப்பிடிக்க எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 23

அடித்தண்டை அறுத்துப் பார்த்தால் வருடத்துக்கு ஒரு வளையம் இருக்கும். முளைத்த வருடம் தெரிந்துவிடும். ஆனால் அறுக்க வேண்டும். தச்சர் தன் ரம்பத்தைத்தான் கொண்டுவந்தார், வேறு யாரும் தொடக் கூடாதாம்.  வளர்ந்துவிடக் கூடாது என்று பிடுங்கி, வளரட்டும் என்று நட்டு, இப்போது அறுக்கவும் வைத்திருக்கிறேன் அந்த மனுஷனை.

ஆகஸ்ட் 4

நுண்ணோக்கியில் கண் பிதுங்கிவிட்டது. இடது ஓரத்துச் செடியில் பதினொரு வளையம். மேல் சதுரங்களின் பதிவேட்டை எடுத்தேன். பதினோராவது கோடை, என் கையெழுத்தில்: ‘வில்லோ, ஒன்று. இரண்டு இலை.’ மேலேயும் கீழேயும் ஒரே வருடத்தில் தொடங்கியிருக்கிறது.

நான் ஆணியை மாற்றி அடிக்கவில்லை, சார். வயசும் ஆகவில்லை.

முப்பத்தொரு துண்டையும் எண் போட்டு அனுப்பினேன், எப்படிக் கிடைத்தன என்ற கதையையும் ஒளிக்காமல் எழுதி. அவருக்கு மட்டுமல்ல, அறிக்கையைச் சரிபார்க்கிற குழுவில் எல்லாருக்கும்.

ஆகஸ்ட் 28

‘மாற்றம் இல்லை’ என்ற வாக்கியம் போய்விட்டது. ‘பெட்டி இப்போது தேவையில்லை, வெளியேயே அந்தச் சூடு வந்துவிட்டது’ என்று குழுவில் ஒருவர் ஓரக்குறிப்பு எழுதியிருக்கிறார். குடில் சாவி இன்னும் ஐந்து கோடைக்கு என்னிடம். இயக்குநர் மன்னிப்புக் கேட்கவில்லை. ‘சுவாரசியமான முடிவு’ என்று எழுதியிருக்கிறார். இதில் என்ன சுவாரசியத்தைக் கண்டார்?

இன்று பாதையோரத்து நான்காம் சதுரத்தில் ஒரு முளை. மெத்தைச்செடியை ஒட்டி, இரண்டு இலை. அந்த மெத்தைச்செடிக்கு என்னைவிட வயது அதிகம். தச்சர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“இது வளர்ந்தா நிழல்ல அது செத்துடுமே மேடம்?”

“செத்துடும்.”

“பிடுங்கக் கூடாது?”

“கூடாது.”

என்னை ஏறிட்டுப் பார்த்தார். எனக்கும் கோபம்தான் அண்ணே என்றேன். பதிவேட்டில் எழுதினேன்: வில்லோ, ஒன்று.

திரும்பும்போது மழை. காலுறை நனைந்துவிட்டது. குடிலுக்குப் பின்னால் காயப்போட ஒரு புதர்கூட இல்லை.