ஆறு மணி நேரம் என்று எழுதியிருந்தது

பாய்,

நேற்று உன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. கூரியர்காரர் தெருவில் நின்று உன் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டிருக்கிறார். உன் மனைவி இறங்கி வந்து கையெழுத்துப் போட்டு வாங்கியவர், அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாராம். எனக்குப் போன் செய்து, "அண்ணே, வந்து இத எடுத்துட்டுப் போயிடுங்க, வீட்டுல வெக்க முடியல" என்று மட்டும் சொன்னார்.

போய்ப் பிரித்தேன். புதுப் பிளாஸ்டிக்கின் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. நீல உறை போட்ட லித்தியம் பேட்டரி. அதே கடை, அதே ஸ்டிக்கர், அதே எழுத்து: ஆறு மணி நேரம். கூடவே ஒரு சீட்டு. பழுதான பொருளுக்குப் பதிலாக இதை அனுப்பியிருக்கிறார்களாம். எங்கள் சேவை உங்களுக்குப் பிடித்திருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். நீ போய் நாற்பது நாள் ஆகிறது. உன்னிடம் நட்சத்திரம் கேட்கிறார்கள்.

அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டேன். ஒரு நாள் ஆகியும் கோபம் அடங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லி ஆத்திரப்படுவது?

முதலில் உன்மேல்தான் எனக்குக் கோபம். இருபது வருடம் முன்னால் ஒரு புது வீட்டு வேலையில் நாம் பழகினோம். நான் வயரிங், நீ கதவு ஜன்னல்களுக்கு ஸ்பிரே பாலிஷ். மூடிய அறைக்குள் புகை மாதிரி பாலிஷ் மிதக்கும். நீ மூக்கில் ஒரு கைக்குட்டைகூடக் கட்டாமல் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அடிப்பாய். "மாஸ்க் போடு பாய்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்? "அந்த வாசன உள்ள போனாத்தான் மச்சான் எனக்கு வேலையே ஓடும்" என்பாய். உள்ளே போனது வாசனை மட்டும்தானா? நுரையீரல் காய்ந்த பஞ்சு மாதிரி ஆகிவிட்டது என்று டாக்டர் படம் காட்டியபோது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன்பிறகு ஆக்ஸிஜன் மிஷின் வந்தது. சுவரோரம் பிளக்கில் மாட்டிய பெரிய மிஷின், அதிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய். குழாய் எட்டும் தூரம்தான் உன் ஊர் என்று ஆனது. கக்கூஸ் வரை எட்டும், வாசல்படி வரை எட்டாது. ஊரெல்லாம் சுற்றியவன் நீ. "ஆட்டக் கட்டிப்போட்ட மாரி கட்டிப்போட்டுட்டாங்கடா" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாய். 

பிரான்சில் இருக்கும் உன் மாமா மகன், தோளில் மாட்டுகிற மாதிரி ஒரு சின்ன மிஷினைக் கொண்டுவந்து கொடுத்தான். அதனுடைய பேட்டரி செத்திருந்தது. அதற்கு ஏற்ற வேறொன்று இங்கே கிடைக்கவில்லை. நான் நாலு நல்ல லித்தியம் செல் வாங்கி, அளவுக்கு மேல் இழுத்தாலும் சூடானாலும் தானாக நிறுத்துகிற பாதுகாப்புப் போர்டு வைத்து, ஒரு பேக் கட்டினேன். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற ஆசிட் பேட்டரியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். இது மூன்றரைக் கிலோ. உன் மனைவி ஒரு கையில் தூக்கிப் பார்த்து, "இவ்ளோதானா? இதுவா இவர இழுத்துட்டுப் போவப் போவுது?" என்று கேட்டார். போயிற்றே! நாலு மணி நேரம் அசராமல் ஓடியது.

மறுநாள் சாயங்காலம் கடற்கரைச் சாலைக்குப் போனோம். அந்த ரோட்டில் வண்டி விடாமல் தடுப்பு வைத்துவிட்ட நேரம். நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பத்து அடிக்கு ஒருமுறை நின்று நின்று, ஆனால் நீயே நடந்தாய். பாறைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். காற்று உன் சட்டையைப் பலூன் மாதிரி ஊதியது. "பாரு மச்சான், காத்து இவ்ளோ கெடக்குது ஊருல. நாம மட்டும் பையில கொண்டாந்திருக்கோம்" என்றாய். சுண்டல் விற்றவர் உன் மூக்குக் குழாயையே பார்த்தார். "என்னா பாக்குற? பேட்டரில ஓடுற மனுசன் நானு" என்று அவரிடம் சொல்லிவிட்டு நீ சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, நான் முதுகைத் தடவ வேண்டியிருந்தது. அதன்பிறகு அந்த வருடம் முழுக்க வாரத்தில் இரண்டு நாளாவது போனோம்.

அந்தத் தைரியத்தில்தான் கரண்ட் போனால் உதவட்டும் என்று வைத்திருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தாய். "இரும்புக் குண்டு, வீட்ட அடச்சிக்கினு நிக்குது" என்றாய். வைத்துக்கொள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் பேட்டரியைப் பற்றிய கர்வம்.

காரைக்காலில் உன் மகளுக்குக் குழந்தை பிறந்தது. அவ்வளவு தூரம் போய் வர ஒரு பேக் போதாது. என்னிடம் அப்போது நல்ல செல் இல்லை. உழவர்கரையில் புதிதாக ஒரு பேட்டரிக் கடை திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நீயே அவசரப்பட்டாய். நானும் கூட வந்தேன். கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். "ஆறு மணி நேரம் கேரண்டிண்ணே. ஆக்ஸிஜன் மிஷினுக்குன்னே நம்மகிட்டதான் வாங்கிட்டுப் போறாங்க. உயிர் சமாச்சாரம், அதுல வெளையாடுவோமா?"

நான் தூக்கிப் பார்த்தேன். நான் கட்டியதைவிடக் கனமாக இருந்தது. உள்ளே செல் கூடுதலாக இருக்கிறது என்று நினைத்தேன். அந்தக் கனம் என்னை ஏமாற்றிவிட்டது பாய். வீட்டில் வைத்து ஒருமுறை முழுதாக ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். மழை இருட்டிக்கொண்டு வந்தது. "நாளைக்குப் பாத்துக்கலாம் போ மச்சான்" என்று நீ சொன்னாய், நான் கிளம்பிவிட்டேன். அந்த நாளையில்தான் புயல் வந்தது.

காலை எட்டு மணிக்கே ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்தினார்கள். என் ஊருக்கும் டவுனுக்கும் நடுவே ரோட்டின் மேல் இடுப்பளவுத் தண்ணீர். மதியம் நீ போன் செய்தாய்.

"மச்சான், ஒன்னோடது தீந்துபோச்சு. கடையில வாங்கனத மாட்டிட்டேன்."

"லைட்டு எத்தன எரியுது?"

"நாலும் பச்சையா எரியுது."

"அப்போ பயப்படாத. சாயங்காலம் வரைக்கும் தாங்கும். தண்ணி கொஞ்சம் வடியட்டும், வந்துடறேன்."

"நீ சொன்னா சரி" என்றாய்.

நீ என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பச்சை விளக்கு எரிந்தபடியே இருக்க, மிஷின் கீச்சென்று கத்திவிட்டு நின்றதாம். உன் மனைவி எனக்குப் போன் செய்தபோது பின்னால் நீ மூச்சு வாங்கத் திணறுகிற சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ் அந்தத் தெருத் தண்ணீரில் வர முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலியோடு உன்னைத் தூக்கி, ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி, கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாய். பேரனின் முகத்தைப் போட்டோவில் பார்த்ததோடு சரி.

உன் அடக்கம் முடிந்த மறுநாள் அந்தப் பேட்டரியை என் கொட்டகையில் வைத்து அறுத்தேன். உள்ளே பழைய லேப்டாப்பில் இருந்து பிடுங்கிய ஏழெட்டு செல். பாதுகாப்புப் போர்டு இல்லை. பச்சை விளக்கு, செல்லில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்காமல் சும்மா எரிகிற விளக்கு. மீதி இடத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தது என்ன தெரியுமா? மணல். சலித்த, காய்ந்த மணல். எடை காட்டுவதற்கு. உன் மூச்சுக்கான செல்லை வைத்திருக்க வேண்டிய இடத்தில் மணலை வைத்திருந்தார்கள் பாய்.

மணல் பையோடு கடைக்குப் போனேன். கண்ணாடி மேசைமேல் கொட்டினேன். "இத நம்பித்தான் என் சிநேகிதன் செத்தான்" என்றேன். கடைக்காரர் மணலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நானும் வாங்கி விக்கிறவன்தாண்ணே. உள்ள என்னா இருக்குதுன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாததையா உயிர் சமாச்சாரம்னு சொல்லி வித்த?"

"சத்தம் போடாதீங்கண்ணே, கஸ்டமர் இருக்காங்க. வாரண்டி இருக்குது. அட்ரஸ் இருக்குது. வேற பீஸ் அனுப்பிடறேன்."

வேற பீஸ்! சட்டையைப் பிடித்துவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர்கள் விலக்கிவிட்டார்கள். போலீசில் புகார் கொடுக்கலாம், நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்று உன் மனைவியிடம் சொன்னேன். "விடுங்கண்ணே, அவரு திரும்பியா வரப்போறாரு?" என்றார். 

ஆனால் அந்தக் கடைக்காரர் சொன்ன ஒரு வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. ஆக்ஸிஜன் மிஷினுக்கென்றே நிறைய பேர் வாங்கிப் போகிறார்களாம். மிஷின் வாடகைக்கு விடுகிறவரைப் பிடித்து, அவர் மூலமாக ஒவ்வொரு வீடாகக் கேட்க ஆரம்பித்தேன். முதலில் கருவடிக்குப்பத்தில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருத்தர் வீடு. அவர் கணவருக்கு மிஷின். அதே நீல உறை. "நல்லாத்தான் இருக்குதுப்பா, பச்ச லைட்டு எரியுது பாரு" என்றார் டீச்சர். மிஷின் இழுக்கிற அளவுக்குக் கரண்ட் இழுக்கிற ஒரு லோடை மாட்டிப் பார்த்தேன். முப்பத்தைந்து நிமிடத்தில் தீர்ந்துபோனது. 

நேற்று வந்த பார்சலையும் இன்று காலை அறுத்தேன். அதே மணல். பையைக் கொண்டுபோய் உன் மனைவி முன்னால் வைத்து, டீச்சர் வீட்டுக் கதையையும் சொன்னேன். அவர் பையை அவிழ்த்து மணலை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "இன்னும் எத்தன வீட்டுல இருக்குதுண்ணே இது?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். எழுந்து புர்கா போட்டுக்கொண்டு, "வாங்க, போவோம்" என்றார்.

நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக் கொடுக்கிற ஒரு வக்கீலிடம் போனோம். என்ன நிவாரணம் வேண்டும் என்று எழுதுவது என்று கேட்டார். உன் மனைவி குரலை உயர்த்தாமல் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் வேணாம் சார். இத அவன் இனிமே ஒருத்தருக்கும் விக்கக் கூடாது. அத எழுதுங்க." கையெழுத்துப் போடும்போது உன் பெயரை முன்னால் சேர்த்துத்தான் போட்டார். திரும்பும் வழியில் பார்த்தோம், கடை ஷட்டர் இறங்கியிருந்தது. பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டிருந்தார்கள். வேறு பெயரில் வேறு ரோட்டில் திறப்பார்கள். திறக்கட்டும். அங்கேயும் போவேன்.

கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். ஆற நான் விடப் போவதில்லை. போன வாரம் டீச்சர் வீட்டுக்கு நான் புதிதாக ஒரு பேக் கட்டிக் கொடுத்தேன். அவர் கணவர் பெரிய மிஷினில் இருக்க, இதைச் சின்ன மிஷினில் மாட்டி ஓடவிட்டு, வாசல் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆனது. "நீ கெளம்புப்பா, நல்லாத்தான் ஓடுது, நாங்க பாத்துக்கறோம்" என்றார் டீச்சர். காபி வந்தது. இரண்டு மணி நேரம். அவர் கணவர் படுக்கையிலிருந்து என்னை விசித்திரமாகப் பார்த்தார். மூன்றாவது மணி நேரத்தில் மழை பிடித்தது. "இருட்டிக்கினு வருது, போயிட்டு நாளைக்கு வாயேன்" என்றார்கள்.

போகவில்லை பாய். கடைசிச் சொட்டு தீர்ந்து மிஷின் தானாக நிற்கும் வரை அந்த ஸ்டூலிலேயே இருந்தேன்.