பூண்டு வாடை

அக்கா,

பிள்ளை பிறந்ததிலிருந்து வீடு முழுக்கப் பூண்டு வாடை. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பால் ஊற வேண்டுமே என்று தினமும் ஒரு கைப்பிடிப் பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிக் கொடுக்கிறேன். உரிக்கும்போது விரல் நுனியால்தான் தொடுகிறேன். "என்னம்மா, பூண்டைப் பாம்பு மாதிரிப் பிடிக்கே?" என்று நேற்றுகூட மகள் சிரித்தாள். அவளுக்கு அப்போது தெரியாது. உங்களுக்காவது கடைசியில் தெரிந்ததா என்று மூன்று வருடமாக எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நம் வளவில் ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்து வீடு. உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். அதுவும் ஓடு வரைக்கும் ஏறாது. மேலே ஒரு முழம் சும்மா திறந்து கிடக்கும். அது வழியாகத்தான் பதினாறு வருடம் பேசினோம். என் அடுப்பில் நடப்பது எனக்கு முன்னால் உங்கள் மூக்குக்குத் தெரிந்துவிடும். "ஏட்டி, தோசை கருகுது, திருப்பிப் போடு" என்று அங்கேயிருந்து சத்தம் வரும். "ஒங்க மூக்கைப் போலீசுல சேத்துவிடணும்க்கா" என்பேன்.

மகள் கோயம்புத்தூர் விடுதியிலிருந்து கொண்டுவந்த மெத்தையில்தான் மூட்டைப்பூச்சி வந்தது. முதலில் அவள் கையில் வரிசையாக நாலு தடிப்பு. பிறகு மெத்தைத் தையலில் மிளகுப்பொடி தூவியது மாதிரி கறுப்புப் புள்ளிகள். சுடுதண்ணீர் ஊற்றினேன், மண்ணெண்ணெய் தடவினேன். கட்டிலை விட்டுச் சுவர் விரிசலுக்குப் போய்விட்டன. மெத்தையை முற்றத்து வெயிலில் போட்டிருக்கலாம். ஆனால் அந்த மாதம்தான் அவளைப் பெண் பார்க்க வந்து பேச்சு முடிகிற நேரம். மூட்டைப்பூச்சி பிடித்த வீடு என்று பெயர் வந்தால் மானம் போய்விடுமே! ஒரு நாள் நீங்களே கழுத்தைச் சொறிந்துகொண்டு, "என்னமோ கடிக்குட்டி, ஒனக்கும் கடிக்கா?" என்று கேட்டீர்கள். "கொசுவா இருக்கும்க்கா" என்றேன். பாவி நான்.

என் வீட்டுக்காரர் அரிசி மண்டியில் வேலை பார்த்தார் இல்லையா, அங்கே வண்டு விழாமல் இருக்க மூடைகளுக்கு நடுவில் வைக்கும் மாத்திரையைக் கொண்டுவந்தார். "ரெண்டு நாளு பூட்டிப் போட்டா ஒண்ணு மிஞ்சாது" என்றார். தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் போக வேண்டியிருந்தது, நல்ல சாக்கு. ஜன்னல் சந்தில் காகிதம் ஒட்டினோம், கதவிடுக்கில் துணி திணித்தோம். மேலே திறந்து கிடந்த அந்த ஒரு முழம் எங்கள் கண்ணில் படவில்லை. தினமும் அது வழியாகப் பேசியவள் நான்.

மறுநாள் மத்தியானம், கோயில் வாசலில் மேளச் சத்தத்துக்கு நடுவே உங்கள் போன். "ஏட்டி, ஒன் வீட்டுல இருந்து பூண்டு வாடை மூக்கைத் துளைக்கு. எதையாவது வச்சிட்டுப் போயிட்டியா? எனக்குத் தலையச் சுத்துதுட்டி."

மாத்திரையின் விஷப் புகைக்குத்தான் அந்த வாடை. சுவரைத் தாண்டிவிட்டது என்று அந்த நிமிடமே புரிந்தது. இரண்டடி தள்ளி மாப்பிள்ளை வீட்டார் நின்றார்கள்; அவர்களும் தசராவுக்கு வந்திருந்தார்கள்.

"பூண்டு ஊறுகாய் போட்டு வச்சிருக்கேன்க்கா, அதான். நீங்க பைய படுங்க."

படுங்க என்று சொன்னேன் அக்கா. வெளியே ஓடுங்க என்று கத்தியிருக்க வேண்டிய வாய்.

நாங்கள் திரும்பி வந்தபோது உங்கள் வாசலில் பெஞ்சு போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாந்தி எடுத்தீர்களாம், நெஞ்சை அடைக்கிறது என்றீர்களாம், எதிர்வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம், போய்ச் சேருமுன்பே மூச்சு நின்றுவிட்டதாம். முந்தின நாள் தின்ற பஜ்ஜி ஒத்துக்கொள்ளவில்லை என்று வளவு பேசியது. நானும் தலையாட்டினேன். என் வீட்டில் பூச்சிகள் செத்துக் கிடந்தன. உங்கள் பக்கத்துச் சுவருக்குள் போனவை பிழைத்துக்கொண்டன போலிருக்கிறது.

இன்று காலை, உங்கள் வீட்டில் இப்போது குடியிருக்கும் பெண் வந்தாள். "அக்கா, மூணு நாளு முக்கூடலுக்கு அம்மா வீட்டுக்குப் போறோம். வீட்டப் பாத்துக்கிடுங்க" என்றாள். மணிக்கட்டில் வரிசையாக நாலு தடிப்பு. அவளுக்குப் பின்னால் அவள் புருஷன் ஜன்னல் சந்தில் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தான்.

இந்தப் பக்கம் தொட்டிலில் பதினோரு நாள் பிள்ளை. பூண்டு வாடையிலேயே கிடக்கிற வீட்டில் இன்னொரு பூண்டு வாடை வந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

"மூட்டைப்பூச்சியாம்மா?"

"சேச்சே, எங்க வீட்டுலயா! எறும்புக்கா."

அதே பொய். நான் சொன்ன அதே வேகத்தில் சொன்னாள்.

"எங்க வீட்டுல இருந்துதாம்மா ஒங்க வீட்டுக்கு வந்துச்சு" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. மாத்திரை, காகிதம், போன், ஊறுகாய், எல்லாவற்றையும் வாசலில் நின்றே சொன்னேன். அவன் காகிதத்தைக் கிழித்துப் போட்டான். இன்னும் திறக்காத மாத்திரை டப்பாவை வெளியே கொண்டுபோய் வைத்தான். மகள் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து உங்கள் மகன் வருவான். அவனிடமும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்று அக்கா, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். என் பேரனுக்காக இன்றைக்கு வாயைத் திறந்தேன். உங்களுக்காகத் திறக்கவில்லை.