கூட்டத்தில் சொல்லாத பெயர்

அன்புள்ள சாந்தி அக்கா,

கிளிநொச்சிக் கிளையில் உங்கள் கதிரைக்கு இன்னும் ஆள் வரவில்லை. அதைக் கடந்துதான் தினமும் என் மேசைக்குப் போகிறேன். நீங்கள் விற்பனையாளர், நான் மேற்பார்வையாளர். வயதில் உங்களுக்குத் தம்பி.

பயிருக்கு மருந்தடிக்கும் மெசின்களை நாங்கள் சந்தியில் வைத்து, வருகிற ஆம்பிளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்த காலம். அக்கராயன் தோட்டங்களில் அதை முதுகில் சுமக்கப்போவது பெண்கள் என்று கண்டவர் நீங்கள்தான். "ஒரு கிழமைக்கு அவையளிட்டையே குடுத்து விடுவம் தம்பி. தூக்கிப் பாக்கட்டும், அடிச்சுப் பாக்கட்டும். பிடிச்சால் வாங்கட்டும்" என்றீர்கள்.

கொடுத்தோம். துணுக்காய், மல்லாவி வரைக்கும் விற்றது. மேற்பார்வையாளர்களுக்கு வவுனியாவில் நடந்த கூட்டத்தில், இது யாருடைய யோசனை என்று மனேஜர் கேட்டார். உங்கள் பெயர் வாய்வரை வந்தது. என்னுடையது என்று சொல்லிவிட்டேன். கைதட்டினார்கள்.

நீங்கள் கேள்விப்பட்டு வந்து நின்றபோது, பெயர் சொல்ல மறந்துபோனேன் என்று இரண்டாவது பொய்யும் சொன்னேன். "பரவாயில்லைத் தம்பி" என்று ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போனீர்கள்.

முன்பெல்லாம் பின்னேரங்களில் எனக்குப் போன் எடுப்பீர்கள். பெண்களின் தோளுக்கு அளவாக மெசின் பட்டியைக் கட்டையாக்கலாமா, பாவிக்கும் முறையைக் குரலில் பதிந்து அனுப்பலாமா என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சொன்ன இடத்துக்குப் போனீர்கள், சொன்னதைச் செய்தீர்கள். காரணம் தெரிந்துகொண்டே, எல்லோருக்கும் முன்னால், உங்களிடம் பழைய உற்சாகம் இல்லை என்று குறை சொன்னேன்.

"களைச்சுப் போனன், தம்பி." அவ்வளவுதான் சொன்னீர்கள்.

அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? அடுத்த மாதம் காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவேயில்லை.

போன கிழமை, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பெடுக்க என்னை அனுப்பினார்கள். அந்த யோசனை எனக்கு எப்படி வந்ததென்று மல்லாவிப் பிள்ளையொருத்தி கேட்டாள். அதற்கென்றே நான் ஒரு கதை வைத்திருந்தேன் அக்கா, பல தடவை சொல்லியும் இருக்கிறேன். அன்றைக்கு அது வாயில் வரவில்லை.

"அது என்ர இல்லை. சாந்தி அக்கா எண்டு எங்களோட வேலை செய்தவா. அவாவின்ர யோசனை. நான் களவெடுத்தனான்."

தேத்தண்ணிக்கு நேரமாகிவிட்டதென்று மனேஜர் எழும்பிவிட்டார். அந்தப் பிள்ளை மட்டும் கிட்ட வந்தாள். "அவா இப்ப எங்க வேலை செய்யிறா, சேர்? நான் அவாவோட கதைக்க வேணும்."

நீங்கள் இல்லை என்பதை அவளுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னும் ஒருவரிடம் சொல்லவில்லை. செத்தவீட்டில் உங்கள் மகள் என் கையைப் பிடித்து, "அம்மா உங்களைப் பற்றி நல்லாத்தான் சொல்லுறவா" என்றாள். அப்படியென்றால் வீட்டிலும் நீங்கள் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறேன் அக்கா. அவள் உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொல்லாவிட்டாலும், வாசலில் நின்றே அவளிடம் முழுவதையும் சொல்லிவிடுவேன்.

தம்பி என்று நீங்கள் கூப்பிட்டதற்குத் தகுதியில்லாமல் நடந்த,
உங்கள் தம்பி
குமரன்