பேசாத மணி நேரம்

பாளையங்கோட்டை
5.8.2024

சாலோமிக்கு மாமா எழுதுவது. நீயும் பிள்ளை ரீபாவும் அம்மா வீட்டில் நலமாக இருக்கக் கர்த்தர் துணை.

உன் சான்றிதழை நிறுத்திவிட்டார்கள். போதைத் தடுப்புப் பணியாளர் பரீட்சையில் நீ பாஸ். ஆனால் சான்றிதழுக்காகப் பள்ளியில் பேசியதாகக் காட்டிய நேரத்தில் கடைசி இருபது மணி நேரம் பொய் என்று நீயே அவர்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறாய். உன்னை மேற்பார்வை செய்த முத்துராணி மேடம் என் அரிசி மண்டிக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த இருபது மணி நேரத்துக்குக் கையெழுத்து வாங்கியது நான்தான். நீ போகவில்லை என்று தெரிந்ததும் தலைமையாசிரியர் நமச்சிவாயம் சாரைப் பார்த்தேன். அந்தப் பள்ளி விடுதிக்கு அரிசி போடுகிறவன் நான். "அதுக்கென்ன அண்ணாச்சி, மீதிய பிள்ள பைய பேசிக்கிடட்டும்" என்று போட்டுக் கொடுத்தார். லோடில் நாலு மூடை குறைந்தால் லாரியைத் திருப்பி அனுப்புவோமா? கையெழுத்துப் போட்டு இறக்கிக்கொள்வோம், குறைந்தது அடுத்த லோடில் வரும். இந்த மார்க்கெட் அப்படித்தான் ஓடுகிறது. நீ லாரியையே போலீஸ் ஸ்டேஷனில் விட்டுவிட்டாய்.

சான்றிதழ் இருந்தால்தான் இங்கே மறுவாழ்வு மையத்தில் வேலை. வேலை இருந்தால்தான் நீயும் பேத்தியும் இந்த வீட்டில் இருப்பீர்கள் என்று நினைத்தேன். போனில் என்றால் நான் சத்தம் போடுவேன், நீ வைத்துவிடுவாய். அதனால் கூரியர்.

பள்ளிக்குப் போவதை ஏன் நிறுத்தினாய்? அதையாவது சொல்.

ஞானசிகாமணி


நாசரேத்
9.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

ரீபா சுகம். அவளை இங்கே பள்ளியில் சேர்க்க அம்மா விசாரிக்கிறார்கள். நானும் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

எட்டாம் வகுப்பில் குடி ஈரலை என்ன செய்யும் என்று படம் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை எழுந்து, "எங்க அப்பா குடிக்காவ மிஸ். ஒங்க வீட்ல யாரும் குடிப்பாவளா?" என்று கேட்டது. இல்லை என்றேன். "அப்பம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்த நாளிலிருந்து பஸ்ஸில் அந்த ஸ்டாப் வரும், நான் எழுந்திருக்க மாட்டேன். கடைசி ஸ்டாப் வரை போய்த் திரும்பி வருவேன்.

உங்கள் மகனை அடக்கம் செய்த அன்று என்னையும் அத்தையையும் உட்கார வைத்து, "யாரு கேட்டாலும் மஞ்சக்காமாலைன்னுதான் சொல்லணும்" என்றீர்கள். மூன்று வருஷமாக அப்படியே சொல்லி வந்தேன். கையெழுத்துத் தாள் வந்தபோது இரண்டாவது பொய்யும் என் பெயரில் ஏறுகிறது என்று பட்டது. எழுதிப் போட்டேன். உங்கள் மேல் கோபம் இல்லை மாமா. கோபம் வந்தால் நன்றாக இருக்கும்.

அத்தை முட்டுவலிக்குத் தைலம் தேய்க்கிறார்களா?

சாலோமி


பாளையங்கோட்டை
13.8.2024

சாலோமிக்கு,

எபனேசருக்குக் கண் மஞ்சளாகத்தான் இருந்தது. நான் சொன்னது பொய்யில்லை. ஏன் மஞ்சளானது என்பதை மட்டும் சொல்லவில்லை. வாங்குகிறவன் கேட்காததை எந்த வியாபாரியும் எடுத்துச் சொல்ல மாட்டான். அவன் தம்பி சின்னவனுக்குப் பெண் பார்க்க வேண்டாமா?

நீ திரும்பி வந்து மறுபடி பேசு. "எனக்குத் தெரிந்த ஒருவர்" என்று சொல். பெயர் எதற்கு? அத்தை ரீபாவின் செருப்பை வாசலை விட்டு எடுக்கவில்லை.

ஞானசிகாமணி


நாசரேத்
16.8.2024

மாமாவுக்கு,

"யாரு மிஸ் அந்த ஒருத்தர்?" என்று கேட்பார்கள். மறுபடி அங்கே நின்று இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. புதன்கிழமை ரீபாவை இங்கே சேர்க்கிறோம். செருப்பை எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள்.

சாலோமி


பாளையங்கோட்டை
20.8.2024

சாலோமிக்கு,

நேற்று போனில் "சரி மாமா" என்றாய். வாய்ப்பேச்சு நிற்காது, எழுதியே அனுப்புகிறேன்.

அந்தக் கையெழுத்துக்கு விளக்கம் கேட்டு நமச்சிவாயம் சாருக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கப் போனேன். மருமகள் ஏன் இப்படிச் செய்தாள் என்றார். என் மகன் குடித்துச் செத்தான் சார் என்றேன். "தெரியும் அண்ணாச்சி, ஊருக்கே தெரியும்லா" என்றார். டீ வரவழைத்தார். குடித்தேன். மூன்று வருஷம் அந்த மஞ்சக்காமாலைச் சரக்கை நான் யாருக்கு விற்றேன் என்று புரியவில்லை. வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அவள் சோறு போட்டாள்.

நாம் பேசி முடித்தது இவ்வளவு. ஆறு மாதம் கழித்து நீ மறுபடி மனுப் போடுவது. எல்லா மணி நேரமும் முதலிலிருந்து பேசுவது. உன் காரியமாக நான் எந்த அதிகாரியையும் பார்ப்பதில்லை. ரீபாவை இங்கே பள்ளியில் சேர்ப்பது. எபனேசர் குடித்துச் செத்தான் என்று நீ எங்கேயும் சொல்லலாம். யார் மகன் என்று கேட்டால் என் பெயரையும் சொல்வது.

ஞானசிகாமணி