ஆற்று வளைவில் கேட்ட பதில்

பொந்தியானாக் நகரில் இருக்கும் உங்களுக்கு,

நாங்கள் நலம். சுச்சக்ராவா பறவை அழியவில்லை, நம் ஆற்று வளைவில் இன்னும் ஒரு ஜோடி இருக்கிறது என்று பறவைக் கணக்கெடுப்பில் நீங்கள் கணக்குக் கொடுத்ததாக வானொலியில் கேட்டேன். படகிலிருந்து அதன் குரல் பதிவைப் போட்டீர்களாம், கரையிலிருந்து பதில் வந்ததாம்.

பதில் சொன்னது, கரையில் நம் வீட்டை ஒட்டி இருக்கும் உங்கள் அண்ணன் ஜும்ரியின் பச்சைக்குருவி; கேட்ட குரலை அப்படியே பாடும் ஜாதி. பறவைகளின் பாட்டுப் போட்டிக்கு வளர்க்கிறார். கேட்டுப் பழகட்டும் என்று பக்கத்துக் கூண்டில் ஒரு சுச்சக்ராவாவை மாட்டியிருந்தார். அது போன வருடமே செத்துவிட்டது. பழகிய குருவி மட்டும் அதே குரலில் பாடிக்கொண்டிருக்கிறது.

அவரிடம் கேட்டேன். "படகுல உக்காந்தே எண்ணிட்டுப் போனா நான் என்ன தங்கச்சி பண்றது? கரையேறி வந்து பாத்திருக்கலாமே!" என்று சிரித்தார்.

ஆக, நம் வாசல் வரை வந்தும் கரையேறவில்லை நீங்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் உங்கள் குரல் போனில் வருகிறது. போன வாரம் அதன் பின்னால் ஒரு பெண், "சோறு போடட்டுமாங்க?" என்றாள். மகளுக்கும் கேட்டது.

குரலை வைத்து ஆள் இருப்பதாக நானும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். இனி எண்ணமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் தாய்